ராக்கெட் மூக்கில் காப்பிக் கொட்டை

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு ராக்கெட் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே என் கெட்ட நேரம். தொண்ணூறுகளின் தொடக்கம், நான் ஒன்பதாம் வகுப்பு. சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா அங்கே பழம் பறித்தாள். அவளுக்கு வேலை இருக்கும் வரைதான் எங்களுக்கு வீடு.

ராக்கெட்டுக்குக் கடையில் வாங்கிய சாமான் ஒன்றுகூடக் கிடையாது. ஏற்காடு பார்க்க வந்தவர்கள் குடித்துவிட்டு எறிந்த பிளாஸ்டிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தான் உடம்பு. அம்மாவுக்குக் கை ஒடிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தை வெட்டி மூன்று இறக்கை ஒட்டினேன். தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியைச் செதுக்கி பாட்டில் வாய்க்கு மூடி. அதன் நடுவில் பழைய சைக்கிள் டியூபின் வால்வு. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்து நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் மூடியைப் பிடுங்கிக்கொண்டு பாட்டில் மேலே பாயும். மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. அதுதான் மூக்கு.

அந்த மூக்குதான் என்னைப் படுத்தி எடுத்தது. அதில் கனம் இல்லாவிட்டால் ராக்கெட் பத்தடி போய்க் குட்டிக்கரணம் அடிக்கும். மணல் வைத்தேன், விரிசல் வழியாக ஒழுகியது. கூழாங்கல் வைத்தேன், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடைசியில் காப்பிக் கொட்டை வைத்தேன்.

எஸ்டேட்டில் வேலை செய்கிறவர் வீட்டில் காப்பிக் கொட்டை இருக்கவே கூடாது; இருந்தால் திருட்டுதான். நான் பொறுக்கியது மரநாய் எச்சத்திலிருந்து. மரநாய் நல்ல பழமாகப் பார்த்துத் தின்னும், கொட்டையை அப்படியே பாறை மேல் கழித்துவிட்டுப் போகும். தண்ணீருக்குப் போகும் வழியில் அதைப் பொறுக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவி, காயவைத்தேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. பீயில் கிடப்பதற்கு யார் சொந்தம் கொண்டாடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு மக்கு நான்.

கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் எங்கள் எஸ்டேட் மேனேஜர். பள்ளிக் கமிட்டியிலும் அவர் இருந்தார். "உங்க எஸ்டேட் புள்ளைதானுங்க" என்று தலைமையாசிரியை பெருமையாக என்னைக் காட்டினார். ராக்கெட் சில்வர் ஓக் மர உயரத்துக்குப் போனது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கியது மேனேஜரின் காலடியில். மூக்கு பிளந்து கொட்டைகள் சிதறின.

குனிந்து ஒன்றை எடுத்தார். மேல்தோலை நகத்தால் கீறிப் பார்த்தார். "வெரிகுட்" என்று முதுகில் தட்டி, சிரித்துக்கொண்டே ஒரு சோப்பு டப்பாவைப் பரிசாகக் கொடுத்தார். இது எங்கிருந்து வந்தது என்று அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலை ரைட்டர் வந்தார். வேலைக்கு வந்த ஆள்பேர் எடுத்து, பறித்த பழத்தை எடை போட்டு எழுதுகிறவர். கூடவே வாட்ச்மேன். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். பாயை உதறினார்கள். அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக வாசலில் எடுத்துப் போட்டார்கள். லயனே நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு தகர டப்பாவில் மீதிக் கொட்டை கிடைத்தது.

"அது மரநாய் கழிச்சதுங்க! நாந்தானுங்க பொறுக்கினேன்! மோந்து பாருங்க!" என்று கத்தினேன்.

ரைட்டர் கோபப்படவே இல்லை. "மரநாய் தின்னது யார் தோட்டத்துப் பழம் கண்ணு? அது கழிச்சதும் எஸ்டேட்டுதுதான்" என்றார்.

பீக்குக்கூடப் பத்திரம் வைத்திருந்தார்கள், பாவிகள்.

பிறகு சட்டைப்பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தார். திருட்டை ஒப்புக்கொண்டு, திருடியவர் பேரில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். என் பேர் என்றால் தாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும், என் படிப்பு அதோடு சரி. அம்மா பேர் என்றால் எஸ்டேட் ஆபீசில் இருக்கும்; இன்னொரு தடவை ஏதாவது என்றால் வேலையும் வீடும் போகும்.

அம்மா யோசிக்கவே இல்லை. "நாந்தானுங்க எடுத்தேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மன்னிச்சிருங்க" என்றாள்.

"இல்லைங்க, அம்மா பொய் சொல்றாங்க" என்றேன். கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ரைட்டர் தாளை என்னிடம் நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'எஸ்டேட் காப்பிக் கொட்டையை நான் திருடினேன். இனிமேல் திருட மாட்டேன்.' அம்மா கட்டைவிரலை மையில் ஒற்றி அதற்குக் கீழே வைத்தாள். நான் அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருக்கலாம். அவர் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். கோடு போடாத தாளில் வரி கோணாமல் எழுதினேன்! அதற்கு என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

ரைட்டர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எழுத்து நொம்ப அழகா இருக்குது. புள்ளைய நல்லாப் படிக்க வையிம்மா" என்றார்.

கொட்டிக் கிடந்த அரிசிக்கு நடுவில் நின்றுகொண்டு, அம்மா பெருமையாகச் சிரித்தாள்.