றெமிஜியஸ் அகலமாக்கிய காற்றுவழி

றெமிஜியஸ் அண்ணை எங்கள் கராஜை விட்டுப் போனது நவம்பரில், முதல் பனி கொட்டிய சனிக்கிழமை. கடைசல் இயந்திரத்தைப் போர்வையால் சுற்றி வான் வண்டியில் ஏற்றினார். ஒஷாவா நகரில் இடம் கிடைத்திருக்கிறது என்றார். தெருப்பெயரைச் சொல்லவில்லை.

யாருக்கும் எதையும் முழுதாகச் சொல்லாத மனிதர் அவர். வார நாட்களில் பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் திருத்துவார். சனி ஞாயிறுகளில், அம்மாவிடம் வாடகைக்கு எடுத்த கராஜில், தமிழ்ப் பொடியன்களின் கார்களுக்கு வேறொரு வேலை. எஞ்சினுக்குக் காற்று நுழையும் வாயில் துரொட்டில் பொடி என்றொரு அலுமினியத் துண்டு இருக்கும். அதன் துளையைக் கொஞ்சம் பெருப்பித்து, உள்ளே திறந்து மூடும் வட்டத் தகட்டையும் அதற்கேற்பப் புதிதாக வெட்டிப் பொருத்துவார். காற்று தடையில்லாமல் போகும். பெடலில் கால் பட்டதும் கார் துள்ளும்.

தகட்டின் விளிம்பை எந்தச் சரிவில் அராவுகிறார் என்று எவனும் பார்த்துவிடக் கூடாதென்று யன்னலை மட்டை வைத்து அடைத்திருந்தார். நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருந்த நேரம். தேத்தண்ணி கொண்டுபோனாலும் கதவைப் பாதிதான் திறப்பார்.

"ஆர் அனுப்பினது?"

"அம்மாதான் அண்ணை. நஞ்சு போடேல்லை."

"உம்மை நம்பலாம் பிள்ளை. உம்மடை ஃபோனைத்தான் நம்பேலாது."

ஒக்டோபர் கடைசியில், அவரிடம் வேலை செய்வித்த பொடியன்களில் ஒருவனான நிதுசனின் கார், கடைகள் இருக்கும் பிளாசா வாசலில் நிற்காமல் ஓடி விளக்குக் கம்பத்தில் மோதியது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்ததாம். அவனுக்குக் கை முறிந்தது. துரொட்டில் பொடி றெமிஜியஸ் அண்ணை செய்து கொடுத்தது. தகடு துளைக்குள் இறுகி, திறந்தபடியே நின்றிருக்கும் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அடுத்த நாள் றெமிஜியஸ் அண்ணை நிதுசன் வீட்டுக்குப் போனார். என்ன பேசுகிறார் என்று பார்த்துவர அம்மா என்னையும் கூட அனுப்பினார்.

"அந்தச் சாமானைக் கழட்டித் தாங்கோ, பாக்கோணும்."

நிதுசனின் தாய் இராஜேஸ்வரி அன்ரி வாசலை விட்டு அசையவில்லை. "தந்தா அராவிப்போட்டுப் பிழையில்லை எண்டு கொண்டுவருவீர். என்ரை பிள்ளையின்ரை கையையும் அராவி நிமித்துவீரோ? நாங்கள் வேறை மெக்கானிக்குக் காட்டுறம்."

"வேண்டாம்! அவன் அளவெடுத்துப் போடுவான்," என்றார் அண்ணை.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பிழை செய்யாதவன் ஏன் மறைக்கிறான்? நிதுசன் சோபாவில் கட்டுப்போட்ட கையோடு தலை குனிந்து இருந்தான். எந்த மெக்கானிக்கும் பார்க்காமலே அந்தக் கார் பழைய இரும்புக்கு உடைக்கப் போனது. அதன்பிறகு கராஜுக்கு ஒரு காரும் வரவில்லை.

"குறை நினையாதையும் றெமி, கராஜ் இனிச் சரிவராது," என்றார் அம்மா. "நாளைக்குப் பொலிஸ் வந்து நிண்டா நான் என்ன சொல்ல?"

அவர் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்.

அவர் போனபின் வந்த இரண்டாவது கோடையில் என் ஃபோனுக்கு நிதுசனிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"அக்கா, றெமி அண்ணையின்ரை நம்பர் இருக்கோ? வேறை கார் வாங்கியிருக்கிறன், அதுக்கும் ஒண்டு செய்விக்கோணும். அண்டைக்கு அவரின்ரை வேலையிலை ஒரு பிழையுமில்லை. காருக்குள்ளை கார்ப்பெற் ஊத்தையாகுமெண்டு அம்மா அதுக்கு மேலை ஒரு றப்பர் விரிப்புப் போட்டுவிட்டவ. அது நழுவிப் பெடலை அமத்திப் பிடிச்சிட்டுது. நான் அப்பவே கண்டனான். அம்மாக்குச் சொல்லிப்போடாதேங்கோ, ப்ளீஸ்."