ஆரணியில் கட்டைவிரல் பட்ட ப்ரூஃப் நாணயம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே ஒரு நாணயத்துக்காக ஆரணி போனேன். எழுபதுகளில் பம்பாய் நாணயச்சாலை அடித்த பத்து ரூபாய் வெள்ளி. ப்ரூஃப். செலவுக்கு அல்ல, சேகரிப்பவர்களுக்காக மெருகேற்றிய அச்சில் அடித்தது. இவற்றிலும் பரப்புகள் வேறுபடும். சில முழுக்கக் கண்ணாடி. சிலவற்றில் உருவம் மட்டும் பனி படிந்ததுபோல் வெளுத்து, சுற்றிலும் கண்ணாடி. இந்த நாணயத்தில் இரண்டாம் வகை என்னிடம் இல்லை. விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்த வெளுப்பு இருந்தது.

வேலூரிலிருந்து காலை 8.10 பேருந்து. கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து ஆட்டோ, எண்பது.

"பட்டுப் பொடவையா சார்?" என்றார் ஓட்டுநர்.

"இல்லங்க. பழைய நாணயம்."

"அதுக்கா வேலூர்லேர்ந்து வந்துகினு இருக்கீங்க?"

விற்பவர் சகாயம். வீட்டு முன்னறையில் பட்டுப்புடவை வியாபாரம். பம்பாயில் வேலை பார்த்த மாமா தந்த நாணயம், உறை பிரிக்காதது என்று போனில் சொல்லியிருந்தார்.

வெள்ளை விரிப்பின் மேல் கிடந்தது. உறை இல்லாமல்.

"பிரிச்சிட்டீங்களா?"

"தொட்டுப் பாக்காம யாருங்க வாங்குவாங்க? உங்களுக்காகத்தான்." கட்டைவிரலால் ஒருமுறை நீவிக் காட்டினார். பட்டின் தரம் பார்க்கிற அதே நீவல்.

"காலையிலேர்ந்து தேச்சிகினே இருக்காரு," என்றார் அவர் மனைவி ஸ்டெல்லா.

"நீ சும்மா இருமே."

நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் விரல் ரேகை. விட்டால் நிரந்தரக் கறை. விரல் பிசுக்கைக் கரைக்க, பையில் எப்போதும் ஒரு சிறு குப்பி அசிட்டோன் வைத்திருப்பேன். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை மூழ்கவைத்தேன். சகாயம் துணியோடு வந்தார். "தொடைக்காதீங்க" என்றேன். தானாக உலர்வதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரேகை போயிருந்தது. பனி வெளுப்பு அப்படியே. எனக்கு மூச்சு வந்தது.

ஸ்டெல்லா அதை விளிம்பில் பிடித்து வாசலுக்கு எடுத்துப் போனார். புடவையின் நிறம் பார்ப்பதுபோல் வெயிலில் மெல்லச் சாய்த்தார்.

"இங்க ஒரு கோடு கீதுங்க."

மயிரிழைக் கீறல். ஒரே கோணத்தில் மட்டும் தெரிந்தது. நான் பார்க்கவே இல்லை.

"அவரே ஒண்ணும் சொல்லல. நீ ஏம்மே சொல்ற..." என்றார் சகாயம்.

"பொடவையில இழை போனா கொறைக்கிறோமில்ல? ஐந்நூறு கொறச்சி வாங்கு."

நாலாயிரத்து ஐந்நூறு பேசியது, நாலாயிரம் ஆனது. கீறலோடு வாங்கினேன். ஏன் என்று இன்னும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

இப்படி வாங்கப் போகிறவர்களுக்கு: உறையைப் பிரிக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு முறை. பருத்திக் கையுறை கொண்டுபோங்கள். டியூப்லைட்டை நம்பாதீர்கள், பதினொரு மணிக்கு முந்தைய வெயில் போதும்.

மறுநாள், என்னிடம் ஏற்கெனவே இருந்த பதினொரு ப்ரூஃப்களையும் வாசலில் சாய்த்துப் பார்த்தேன். நான்கில் கீறல். அவற்றில் எதுவும் ஆரணிக்குப் போனதில்லை.