லோகு போட்ட பலகை

புதுவாயல் கூட்டுரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் லோகுவைப் பற்றி நல்லதாக எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை.

அவர் சென்னையில் மூன்று மாதம் டிசைன் கோர்ஸ் படித்தார். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு எழுத்துருதான். பழைய காலத்து அச்சு மாதிரி இருக்கும். எழுத்தின் முனையிலெல்லாம் சின்னச் சின்னக் கட்டை. உடம்பெல்லாம் மை பத்தாமல் போனது போலச் சுரண்டல். ஏதாவது ஒரு தலைப்புக்கு வைத்தால் அழகுதான். லோகு காதுகுத்துக்கும் அதையே வைப்பார், கண்ணீர் அஞ்சலிக்கும் அதையே வைப்பார். ஏன் என்று கேட்டால் "விண்டேஜ்" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்து வீட்டு செண்பகம் அக்கா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் மெஸ் திறந்தார். அதே இடத்தில் முன்பு ஓர் ஓட்டல் இருந்து, மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதனால் பலகை பளிச்சென்று புதிதாகத் தெரிய வேண்டும் என்று லோகுவிடம் நாலு முறை சொன்னார். லோகு நாலு முறையும் தலையாட்டினார்.

திறப்பு நாள் விடியற்காலையில்தான் பலகை வந்தது. டீ கொட்டியது போன்ற பழுப்பு நிறத்தில், சுரண்டிய எழுத்தில் 'செண்பகம் மெஸ்'. மாற்ற நேரமில்லை. மாட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள்.

முதல் ஷிப்ட்காரர்கள் பைக்கில் வந்தார்கள். ஒருவர் வேகத்தைக் குறைத்து மேலே பார்த்தார்.

"இன்னும் தொறக்கலடா. பழைய போர்டே தொங்குது பாரு."

போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்களும் நிற்கவில்லை. அக்கா லோகுவுக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

"இன்னா லோகு இது? காயலான் கடைலேர்ந்து தூக்கினு வந்தியா?"

"அக்கா, பழசா தெரியறதுதான் கெத்து. மெட்ராஸ்ல காபி ஷாப்ல எல்லாம் இதான்."

"நாப்பது பேருக்கு இட்லி ஊத்தி வச்சினு குந்தியிருக்கேன். கட தொறந்துகீதுன்னு எவனுக்கும் தெரில."

"உங்களுக்கு டேஸ்ட் பத்தாதுக்கா."

"எனக்கா? இந்தா, சட்னிய தொட்டுத் துன்னுட்டு சொல்லு."

மனிதர் வெட்கமே இல்லாமல் மூன்று இட்லி சாப்பிட்டார்.

அதற்குள் அக்காவின் கணவர் பாக்கியராஜ் மாமா ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய கறுப்பு பெயின்ட்டோடு ஏணியில் ஏறிவிட்டார். சுரண்டல் ஒவ்வொன்றையும் அடைத்தார். எழுத்து தடித்தது, கோணியது, ஓரிடத்தில் வழிந்தது. ஆனால் ஈரம் காயாமல் வெயிலில் மின்னியது.

எட்டு மணி ஷிப்ட் வேன் நின்றது.

"யக்கா, புதுக் கடையா? நாஷ்டா இன்னா கீது?"

ஒன்பதுக்குள் இட்லி தீர்ந்தது. அக்கா மறுபடி இட்லி ஊற்ற உள்ளே ஓடினார். மாமா இன்னும் ஏணியில் நின்று வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தார். லோகு வெளியே வந்து பலகையைப் போனில் படம் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அது அவருடைய ஸ்டேட்டஸில் வந்தது: 'நம்ம டிசைன்'. படத்திலிருந்து மாமாவை வெட்டியிருந்தார். ஏணியின் ஒரு கால் மட்டும் மிச்சம் இருந்தது.