மேடையில் பறித்த சாவி

என் அப்பாவை ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூலைமுடுக்கில் இல்லை, கண்டியில் ஒரு பெரிய மண்டபத்தில், குருமார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, மேடையில் வைத்து. அறைந்தவர் எங்கள் ஊரே கும்பிடுகிற பெரிய மாஸ்டர்.

அப்போது நான் வத்தேகமவில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பங்குப் பாடசாலையில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மறைமாவட்டத்துப் பாடசாலைகளுக்கும் பங்குப் பாடசாலைகளுக்கும் பொதுவாக ஒரு சங்கம் இருந்தது. அதற்கு அந்த வருடம் விழா. சங்கத்தின் வரலாற்றைத் தடித்த புத்தகமாக அச்சடித்தார்கள். அதை ஒருவரும் படிக்கப்போவதில்லை என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆகவே அதையே நாடகமாகவும் போடச் சொன்னார்கள். பாடசாலைக்கு ஒரு காட்சி.

எங்களுக்குக் கிடைத்தது சாவி பறித்த காட்சி. அறுபதுகளின் தொடக்கத்தில், கோயில்கள் நடத்திவந்த பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எங்கள் பழைய பாடசாலையும் போய்விட்டது. இப்போது அரசாங்கப் பாடசாலையாக நிற்கிற பெரிய கட்டடம் அதுதான். நான் படித்தது பிற்பாடு கட்டிய சின்னப் பாடசாலை. பழையது கைவிட்டுப்போன அன்று, இளம் ஆசிரியராக இருந்த பெரிய மாஸ்டர் கைகளை விரித்துக் கதவை மறித்து நின்றாராம். அதிகாரி அவரைக் கீழே தள்ளிச் சாவியைப் பறித்துக்கொண்டாராம். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மாஸ்டர் பிறகு அந்த அரசாங்கப் பாடசாலையிலேயே வேலை பார்த்து, பென்சன் எடுத்த மறுமாதம் எங்கள் சின்னப் பாடசாலைக்கு வந்து, ஒரு சதம் வாங்காமல் பத்துப் பதினைந்து வருடம் படிப்பித்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் என்று எங்கள் வீட்டில் அவர் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அவராகச் சித்தப்பா நடித்தார். அதிகாரி வேடம் என் அப்பாவுக்கு. ஹார்ட்வெயார் கடையில் கணக்கெழுதும் அப்பா, கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மனம் வராமல் விளக்குமாற்றால் வாசல்வரை வழியனுப்பி வைக்கிறவர். ஆனால் எங்கள் கோயில் பங்கிலேயே மீசை என்று சொல்லும்படியான மீசை அவருக்குத்தான் இருந்தது. கடை முதலாளி ஹாஜியார் தன் கறுப்புக் கோட்டைக் கொடுத்துதவினார். ஒத்திகையில் சித்தப்பாவைத் தள்ளும்போதெல்லாம் அப்பா, “பட்டுருச்சாடா?” என்று கேட்டுக்கொண்டே தள்ளுவார். சாவி பறிபோனதும் பாடசாலை மணியை மூன்று தரம் அடிக்க வேண்டியது நான்.

விழா அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முன்வரிசையில் மாலையும் கழுத்துமாகப் பெரிய மாஸ்டரை உட்காரவைத்திருந்தார்கள். எங்கள் காட்சி வந்தது. ஆட்களைப் பார்த்ததும் அப்பாவுக்கும் வேகம் வந்துவிட்டது போலும்; சித்தப்பாவை நிஜமாகவே தள்ளிவிட்டார். சித்தப்பா தொப்பென்று விழுந்தார். அப்பா சாவியைப் பிடுங்கித் தலைக்கு மேலே உயர்த்தினார். நான் மணிக் கயிற்றைப் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய மாஸ்டர் எழுந்தார். யாரோ கையைப் பிடித்தார்கள், உதறினார். பக்கத்துப் படியில் தடுமாறி ஏறி, நேரே அப்பாவின் முன்னால் வந்து நின்றார். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. கை வந்தது.

பளார் என்று விழுந்த அறையில் கோட்டுக்குள் அப்பாவின் உடம்பே ஒருமுறை ஆடியது. அப்பா திருப்பி அடிக்கவில்லை, விலகவும் இல்லை. மாஸ்டர் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு, தன் நெஞ்சுக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்:

“அன்னைக்கு இவருக்கு நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்.”

மணிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் அப்பாவுக்கும்தான் அது கேட்டது. அப்பா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவியை நீட்டினார். கிழவர் அதைத் தொடவேயில்லை. நானோ என்னையறியாமல் மணியை அடிக்கத் தொடங்கி, நிறுத்தத் தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். சித்தப்பா தவழ்ந்து வந்து கயிற்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

அதைவிட எனக்கு அதிர்ச்சி, மண்டபம் கைதட்டியதுதான். என் அப்பா அடிவாங்கி நிற்கிறார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “பாருங்கள், அன்றைய நெருப்பு இன்னும் அணையவில்லை” என்றார். ஒரு சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் வெறுப்பாக வந்தது.

வீட்டில் அம்மா ஈரத்துணியை அப்பாவின் கன்னத்தில் வைத்தபடி பொரிந்து தள்ளினார்.

“பெரிய மனுசன்னா என்ன வேணும்னாலும் செய்யலாமா? நாளைக்கே பங்குச் சாமிகிட்ட போய்க் கேக்குறேன்.”

“வேணாம் விடு. அவரு என்னைய அடிக்கல.”

“பின்ன இது என்ன, அடுத்த வீட்டுக்காரன் கன்னமா?”

அப்பா ஈரத்துணியைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கோ வேறு குழப்பம். அப்பா எப்போது மாஸ்டர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தார்? குடித்த தேத்தண்ணிக்கா இந்த அடி?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பெரிய மாஸ்டரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் அடுப்புப் பக்கம் போய்விட்டார். முன்னறைக் கதிரையில் நுனியில் உட்கார்ந்தவர் அப்பாவின் கன்னத்தைப் பார்க்காமல் பேசினார். நான் கதவோரம் நின்றேன். என்னை யாரும் விரட்டவில்லை.

“சொல்லத்தான் தம்பி மேடை ஏறுனேன். கை முந்திக்கிருச்சு.”

“பரவால்லங்க மாஸ்டர்.”

“யாரும் பறிக்கல. தள்ளவும் இல்ல. நான் கதவைப் பாத்துக்குவேன்னு நம்பி அத்தனை பேரும் கோயில்ல செபமால சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்த அதிகாரி மழையில நனைஞ்சுகிட்டு தனியா வந்தாரு. தன்மையான மனுசன். வேலை போயிருமோன்னு எனக்குப் பயம். உள்ள கூப்பிட்டு, தேத்தண்ணி குடுத்து, சாவியையும் குடுத்தேன். சனம் வந்தப்போ பறிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டேன்.”

“சாமிக்குத் தெரியுமா?” என்றார் அப்பா.

“சாமிகிட்டயும் சொன்னேன், சங்கத்துலயும் சொன்னேன். வயசாயிருச்சு, மறதி வந்துருச்சுன்னு சிரிக்கிறாங்க. இப்ப அறைஞ்சதையும் வீரம்னு எழுதப் போறாங்களாம்.” அப்போதுதான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். “நீங்களாவது நம்புங்க தம்பி.”

“நான் அன்னைக்கு மேடையிலயே நம்பிட்டேங்க” என்றார் அப்பா.

அந்தக் கிழவர் என் வீட்டுக் கதிரையில் தோள் குலுங்க அழுததைப் பார்த்து நான் மறுபடியும் திகைத்துப் போனேன். அடித்தவர் அழுகிறார், அடிவாங்கியவர் முதுகைத் தடவிக்கொடுக்கிறார். பெரியவர்களின் நியாயம் எனக்குப் பிடிபடவே இல்லை.

கோபம் கோபமாக இருந்தாலும் வீடு தேடி வந்தவரை அம்மாவால் சும்மா அனுப்ப முடியாது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதைக் கண்டதும் மாஸ்டரின் அழுகை நின்றது. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். குடிக்க முடியாமல் அப்படியே இறக்கி வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் தன் கோப்பையைத் தொடவில்லை.

அம்மா கோபத்தில் சீனி போடாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, சீனிப் போத்தலை எடுத்துவர நான் குசினிக்கு ஓடினேன்.