ஸ்தாவ்ரோஸுக்கு அறுபது வீடுகள் சொன்ன ஓம்

1. லெஃப்ட் பேக்

வேலை கேட்டுப் போன முதல் நாள், கடை முதலாளி ஸ்தாவ்ரோஸ் என்னிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. பந்து விளையாடத் தெரியுமா என்றுதான் கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஜெர்மனி, இத்தாலி என்று அலைந்து மொன்ட்ரியாலின் வடபகுதியான மொன்ட்ரியால்-நோருக்கு வந்திருந்தேன். தெரியும் என்றேன். பொய். டிஷ்வாஷர் வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் கிரில்லுக்கு ஏறினேன்.

கிரேக்கத்தில் அவர் பதினான்கு வருடம் முதல் டிவிஷன் கால்பந்தில் லெஃப்ட் பேக், இடப்பக்கம் காப்பவர். முழங்கால் போனதும் இங்கே வந்து, கம்பியில் குத்திச் சுடும் இறைச்சிக்குக் கடை போட்டார். 2005இல் நகரசபைத் தேர்தலில் நின்றார். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம், விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

"பந்தை விட்ட பிறகு நான் ஒண்டிலயும் வெல்லேல்லை. இதில வெல்லவேணும். உங்கட தமிழ் ஆக்கள் இஞ்ச எத்தினை வீடு?"

"அறுபது வரும்."

"கூட்டிக்கொண்டு போ."

2. படிகள்

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வீடு வீடாகப் போனோம். மொன்ட்ரியால் வீடுகளுக்கு இரும்புப் படி வெளியே இருக்கும். அவர் கம்பியைப் பிடித்து, ஒரு காலை இழுத்து இழுத்து ஏறுவார். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. ஒவ்வொரு வீட்டிலும் "ஓம், கட்டாயம் போடுவம்." மூன்றாம் மாடியில் இருந்த மன்னார் செல்வமணி அக்கா ரோல்சும் பொரித்துக் கொடுத்தார்.

முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

மறுநாள் அவர் கிரில்லைச் சுரண்டியபடி கேட்டார்: "அந்த அறுபது வீடும் எங்க போனது?"

செல்வமணி அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"எங்களுக்கு எங்க தம்பி வோட்? இன்னும் சிட்டிசன் ஆகேல்லையே. இஞ்ச முக்கால்வாசிப் பேர் அப்பிடித்தான்."

"அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"அந்தக் காலோட மூண்டு மாடி ஏறி வந்த மனுசனுக்கு, வாசல்ல வைச்சு இல்லை எண்டு சொல்லுறதோ? நீ சொல்லியிருக்கலாம்தானே. உனக்கு வோட் இருக்கோ?"

எனக்கும் இல்லை. சிட்டிசன் விண்ணப்பத்தில் நான்கு வருட முகவரி கேட்பார்கள். நான் படுத்த இடங்களில் பாதிக்கு முகவரி கிடையாது. அதனால் போடாமலே விட்டிருந்தேன்.

3. திங்கட்கிழமை

ஸ்தாவ்ரோஸிடம் போய்ச் சொன்னேன். வேலை போகும் என்று ஏப்ரனையும் கழற்றி வைத்தேன். அவர் அதை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"பதினாலு வருசம் விளையாடினன். டீமே இல்லாமல் மைதானத்துக்குப் போனது இதுதான் முதல் தரம். ஏப்ரனைக் கட்டு."

கடைக்குத் திங்கள் விடுமுறை. திங்கள்தோறும் அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, கடை மேசைகளில் சிட்டிசன் படிவம் நிரப்பினோம். என் முகவரிகளைத் தேட மட்டும் நான்கு திங்கள் போனது.

நான்கு வருடம் கழித்து மறுபடி நின்றார். மறுபடி படி ஏறினோம். பள்ளிக்கூட ஜிம்மில் வாழ்க்கையில் முதல் வாக்கை நான் அவருக்குப் போட்டேன். ஒன்பது வாக்கில் வென்றார்.

இனிப்போடு செல்வமணி அக்கா வீட்டுக்குப் போனேன்.

"நல்ல மனுசன், வெல்லட்டும்," என்றார். "ஆனா தம்பி, நான் மற்றவருக்குத்தான் போட்டனான்."

"ஏனக்கா?"

"அவரும் வீட்டுக்கு வந்தவர், உங்களுக்கு முதலே. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முதலில் வாக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, உங்களுக்கு முன்னால் அந்தப் படியில் யார் ஏறினார்கள் என்று கேளுங்கள்.