எங்கள் வலைப்பூவில் போட்ட படம்

புதுக்குடியிருப்பில் எங்கள் நிறுவனம் பெண்களுக்குக் கோழிக்குஞ்சுகள் கொடுத்தது. அவற்றை வாங்கிக்கொண்டு சோகமாக நிற்கும் ஓர் அக்காவின் படத்தை எங்கள் வலைப்பூவில் போட்டேன். கீழே ‘வாழ்த்துகள்’ என்று எழுதியவர்கள் எல்லாரும் எங்கள் அலுவலகத்தவர்கள்தான்.

சில மாதங்களில் அந்த அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தங்கச்சி, அந்தப் படத்தை மகளின்ர வகுப்புப் பிள்ளையளும் பாத்திட்டுதுகள். அவளுக்கு வெக்கமாக் கிடக்காம். இப்ப கூடு நிறையக் கோழி நிக்குது. வந்து அதைப் படம் எடுங்கோவன்.”

போனேன். கோழிகளை அதட்டிக்கொண்டு நின்றவரைப் படமெடுத்தேன். கூடு கட்டிய விதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதிப் போட்டேன். துணுக்காயிலிருந்து பெண்கள் கேள்வி கேட்டார்கள். அவரே பதில் எழுதினார்.

பழைய படத்தை அழித்துவிட்டேன். அதை எடுத்த அன்றும் அவர் சிரித்தபடிதான் வந்து நின்றார். சிரிக்க வேண்டாம் என்று சொன்னது நான்.