முதல் மாதத்துக் காவல்

ஆலங்காயம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்குப் போய் ஷூவின் மேல்தோலைத் தைப்பது கோவிந்தம்மாளுக்குப் பதினாறு வருட வேலை. மகள் சோபனா இருபது வயதில் தற்கொலை செய்துகொண்டபோது, இழவுக்கு வந்தவர்கள் மாத்திரைதான் பெண்ணைக் கொன்றது என்றார்கள். சத்து மாத்திரை என்றுதான் கோவிந்தம்மாளிடம் அவள் கணவன் முனிரத்தினம் சொல்லியிருந்தான்.

காரியம் முடிந்த மறுநாள், பீரோவில் கிடந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போய் அதை எழுதிய டாக்டரம்மாவின் மேஜையில் விட்டெறிந்தாள். அந்த அம்மா கோபப்படவில்லை. அது மனச்சோர்வுக்கான மாத்திரை, நிறையப் பேரைத் தேற்றுவது. ஆனால் சின்ன வயசுக்காரர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் சாகும் எண்ணம் கூடலாம், தனியாக விடாதீர்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தேன் என்றார். சோபனாவைக் கொண்டுபோனது நோயா மாத்திரையா என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

ஏன் மறைத்தாய் என்று வீட்டில் கணவனைக் கேட்டாள். சோபனாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்றான். "உன்கிட்ட சொன்னா கம்பெனி பூரா சொல்லுவ."

"சொல்லியிருந்தா லீவு போட்டுட்டு அவ பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

அடுத்த வருடம் மகன் பூவரசன் சாப்பாட்டைத் தள்ளினான். காலேஜுக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்தான். அதே டாக்டரிடம் அவள் கிளம்பியபோது முனிரத்தினம் வாசலை மறித்தான். "ஒண்ணு போனது பத்தலியா உனக்கு?"

"மாத்திரை மேல எனக்கும் கோவம்தான். உன் மேல அதவிட ஜாஸ்தி. வழிய விடுய்யா."

மகன் மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறான், ஒரு மாசம் வர மாட்டேன் என்று தையல் மெஷின்களுக்கு நடுவே நின்று எல்லார் காதிலும் விழ சூப்பர்வைசரிடம் சொன்னாள். மாத்திரையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தினம் ஒன்று கொடுத்தாள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டாள். பதினோராம் நாள் அவன் ஆமாம் என்றான். அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிப்போனாள். டாக்டர் அவனைச் சில நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தை மாற்றினார்.

பூவரசன் இப்போது காலேஜுக்குப் போகிறான். கோவிந்தம்மாளுக்கு மருந்தின் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் மல்லுக்கட்டித்தான் சீட்டை வாங்குகிறாள். கணவனுக்குச் சோறு போட்டுத் தட்டை நகர்த்துவதோடு சரி. பேச்சில்லை.